இரண்டையும் சேர்த்தே இறக்கினோம்

கேரவனின் ரேடியேட்டரையும் இன்டர்கூலரையும் ஒரே வேலையாக மாற்றி முடித்தாயிற்று. "ரேடியேட்டர் மட்டும் மாத்துங்க, போதும்" என்று சொன்னவர்கள்தான் அதிகம். வண்டித் தொழிலிலேயே தலை நரைத்தவர்கள்கூட, இன்டர்கூலரை ஏன் தொடுகிறாய் என்று கேட்டார்கள். ஏன் தொட்டோம், சென்னை பாடியில் அந்த வேலை எப்படி நடந்தது என்று விவரமாகவே எழுதுகிறேன். ஷூட்டிங் கேரவன் வைத்திருப்பவர்களுக்கு மட்டுமல்ல, டூரிஸ்ட் வேன், லாரி என்று டர்போ டீசல் வண்டி எதை ஓட்டுகிறவர்களுக்கும் இது உதவும்.

முதலில் வண்டியைப் பற்றி. பி.எஸ். 3 காலத்து ஆறு சக்கர லாரி சேஸி, நாலு சிலிண்டர் டர்போ டீசல், அதன் மேல் கேரவன் கூடு. உள்ளே இரண்டு அறை, மேக்கப் கண்ணாடி, கட்டில், டாய்லெட், தண்ணீர் டேங்க், பின்பக்கம் ஜென்செட். அமெரிக்காவில் வேலையிலிருந்து ஓய்வு பெற்றவர்கள் இந்த மாதிரி வண்டியையே வீடாக்கிக்கொண்டு மாநிலம் மாநிலமாகச் சுற்றுகிறார்கள். தமிழ்நாட்டில் இது பெரும்பாலும் சினிமாவை நம்பிப் பிழைக்கிறது. ஈ.வி.பி. ஃபிலிம் சிட்டியில் ஷெட்யூல் என்றால் பூந்தமல்லி தாண்டிப் போய்வருவதோடு சரி. வண்டி நாள் முழுக்க நிற்கும், ஏசியை ஜென்செட் ஓட்டும், பெரிய இன்ஜினுக்கு வேலையே இல்லை. பொள்ளாச்சி, கொடைக்கானல், ஐதராபாத் என்று அவுட்டோர் வந்தால் நிலைமை வேறு. பேக்கப் ஆன பிறகு ராத்திரியோடு ராத்திரியாக ஓடி, காலை முதல் ஷாட்டுக்கு முன்னால் அங்கே நிற்க வேண்டும். சென்னைக்குள் மாதக்கணக்கில் தெரியாத கோளாறு அன்றைக்குத்தான் வெளியே வரும்.

இந்த வண்டியின் கோளாறு தெரிந்தது தொப்பூர் கணவாயில். சேலத்திலிருந்து தர்மபுரி போகும்போது அது ஏற்றம். சமதளத்தில் நடுவிலேயே நிற்கிற சூட்டு முள், ஏற்றத்தில் கியர் இறக்கியதும் மெல்ல மேலே நகர்ந்தது. கூடவே சைலன்சரில் கரும்புகை. மிதிக்கிற மிதிக்கு இழுவை இல்லை. முன்பக்கம் எங்கேயோ 'உஸ்' என்று காற்று கசிகிற சத்தம். உச்சிக்கு வந்து இறக்கம் தொடங்கியதும் முள் தானாகக் கீழே வந்துவிட்டது.

இதைக் கேட்டவர்கள் ஆளுக்கொரு மருந்து சொன்னார்கள். சூட்டுக்கு ரேடியேட்டரைக் கழுவு, புகைக்குப் பம்பையும் இன்ஜெக்டரையும் பார். பாடியில் நான் வழக்கமாகப் போகும் மெக்கானிக் அண்ணன் மட்டும் வேறு மாதிரி சொன்னார். "ரெண்டு நோய் இல்ல தம்பி, ஒரே நோய்தான். வெளிக்காத்து போற வழியில அடைப்பு, உள்காத்து போற வழியில ஓட்ட. இறக்கிப் பாத்தா தெரிஞ்சிடும்."

அவர் சொன்னதில் எவ்வளவு அர்த்தம் இருக்கிறது என்பது இன்டர்கூலர் என்ன செய்கிறது என்று தெரிந்தால்தான் புரியும். டர்போ, காற்றை அமுக்கி இன்ஜினுக்குள் தள்ளுகிறது. அமுக்கினால் காற்று சூடாகும். சென்னை வெயிலில் 35 டிகிரியில் உள்ளே போகும் காற்றை இரண்டரை மடங்கு அழுத்தத்துக்கு டர்போ கொண்டுபோனால், வெளியே வரும்போது அது 160 டிகிரியைத் தொட்டிருக்கும். சூடான காற்று விரிந்த காற்று. அதே இடத்தில் குறைந்த பிராணவாயுதான் அடங்கும். இன்டர்கூலர் அதை 60 டிகிரி அளவுக்கு இறக்கிக் கொடுத்தால், அதே அழுத்தத்தில் ஏறக்குறைய 30 சதவீதம் கூடுதல் காற்று சிலிண்டருக்குப் போகும். அந்தக் கூடுதல் காற்றைக் கணக்கில் வைத்துத்தான் இன்ஜினுக்கு டீசல் அளவு வைத்திருக்கிறார்கள். இன்டர்கூலரில் ஓட்டை விழுந்தால் காற்று குறையும், டீசல் அவ்வளவு சீக்கிரம் குறையாது. எரியாத மிச்சம் கரும்புகையாக வரும். புகைவாய்ச் சூடு ஏறும். டிரைவர் இழுவைக்காக இன்னும் மிதிப்பார், இன்னும் சூடு ஏறும். சென்சார் வைத்த புது இன்ஜின்கள் காற்று குறைவதைக் கண்டு டீசலைத் தாங்களே குறைத்துக்கொள்கின்றன. அவற்றில் புகை அவ்வளவாகத் தெரியாது, வண்டி சோர்ந்துபோவதுதான் தெரியும்.

இந்த இன்டர்கூலர் நிற்கிற இடம்தான் அடுத்த விஷயம். நம்மூர் லாரி சேஸிகளில் பெரும்பாலும் முன்னால் இன்டர்கூலர், அதன் முதுகை ஒட்டி ரேடியேட்டர், அதற்குப் பின்னால் ஃபேனைச் சுற்றிய உறையான ஷ்ரவுடு, ஃபேன். ஒரே காற்று இரண்டையும் கடந்து போக வேண்டும். இன்டர்கூலர் வாங்கிக்கொண்டு விட்ட சூட்டுக் காற்றுதான் ரேடியேட்டருக்குக் கிடைக்கிறது. ஆகவே ஒன்றைப் பார்த்து இன்னொன்றை விடுவது வேலையைப் பாதியில் நிறுத்துவதற்குச் சமம் என்பது என் உறுதியான கருத்து. கூலிக் கணக்கிலும் அப்படித்தான். பம்பரைக் கழற்றி, முகப்பைக் கழற்றி, ஹோஸ்களைப் பிரித்து, ஃபிரேமோடு இறக்குவதற்குத்தான் நேரமும் ஆளும் போகிறது. அதை இரண்டு தடவை செய்ய எந்தக் காரணமும் இல்லை.

பாடியை ஏன் தேடிப் போகிறேன் என்றும் சொல்ல வேண்டும். வடபழனியிலிருந்து நூறடி ரோட்டைப் பிடித்து, கோயம்பேடு, திருமங்கலம் தாண்டினால் பாடி மேம்பாலம். பேருந்தில் கண்டக்டர் "லூகாஸ்" என்று குரல் கொடுக்கிற இடம். 1960களில் வீல்ஸ் இந்தியா, லூகாஸ் டி.வி.எஸ்., பிரேக்ஸ் இந்தியா, சுந்தரம் கிளேட்டன், சுந்தரம் ஃபாஸனர்ஸ் என்று டி.வி.எஸ். குடும்பத்துத் தொழிற்சாலைகள் அடுத்தடுத்து இங்கே எழுந்தன. மேற்கே அம்பத்தூர் எஸ்டேட். சக்கரம், செல்ஃப் மோட்டார், பிரேக், போல்ட் என்று ஒரு வண்டிக்கு வேண்டியதெல்லாம் சில கிலோமீட்டருக்குள் செய்யப்படுகிற ஊர் இது. சுந்தரம் கிளேட்டனின் பிரேக் பிரிவு 1998-இல் ஜப்பானின் டெமிங் பரிசை வாங்கியது. இந்தியாவில் அந்தப் பரிசை முதலில் வாங்கியது அதுதான். பெரிய கம்பெனிகளின் பெருமை ஒரு பக்கம் இருக்கட்டும். அந்த மதில்களுக்கு வெளியே, மண்ணூர்பேட்டை வரைக்கும் உள்ள சந்துகளில் லேத் போட்டவர், ஆர்கான் வெல்டிங் வைத்தவர், ஹோஸ் கடை, ரேடியேட்டர் கடை என்று இருக்கிறார்களே, அவர்களிடமும் அந்த அளவுப் பழக்கம் இருக்கிறது. ஒரு பிராக்கெட் அரை மில்லிமீட்டர் தள்ளி இருந்தால் இங்கே ஒருவர் அதைக் கவனித்துச் சொல்வார். எனக்கு அந்தக் கண் வேண்டும்.

இன்ஜின் முழுக்க ஆறிய பிறகு கூலண்டை இறக்கினோம். பாதி பச்சை, பாதி துரு நிறம். மேல் ஹோஸ், கீழ் ஹோஸ், டர்போவிலிருந்து வரும் பைப், இன்டேக்குக்குப் போகும் பைப் எல்லாம் பிரித்து, திறந்த வாய்களைத் துணி வைத்து அடைத்தோம். இது அலட்சியமாக விடக்கூடாத வேலை. இன்டேக் வாயில் ஒரு நட்டு விழுந்தால் போதும், பிறகு இன்ஜினையே இறக்க வேண்டிவரும். ஷ்ரவுடைத் தளர்த்தி, செயின் பிளாக்கில் மாட்டி, இரண்டையும் ஃபிரேமோடு வெளியே எடுத்தார்கள்.

இரண்டையும் பிரித்ததும் எங்களுக்கு விடை கிடைத்துவிட்டது. இன்டர்கூலரின் முகம் சுத்தமாக இருந்தது. ரேடியேட்டரின் பின்பக்கம், அதாவது ஃபேன் பக்கம், அதுவும் சுத்தம். நடுவில், இன்டர்கூலரின் முதுகும் ரேடியேட்டரின் முகமும் சந்திக்கிற இடத்தில், கம்பளம் விரித்ததுபோல் ஒரு அடை. ஈசல் இறகு, வேப்பம்பூ, பஞ்சு, லொக்கேஷன் லொக்கேஷனாக அள்ளிவந்த செம்மண், எல்லாவற்றையும் ஒட்டவைக்கிற எண்ணெய்ப் பிசுக்கு. கீழ்ப்பகுதியில் மூன்றில் ஒரு பங்குக்கு வெளிச்சமே ஊடுருவவில்லை. வெளியிலிருந்து எத்தனை தடவை தண்ணீர் அடித்துக் கழுவினாலும் இது போகாது. முன்பக்கம் அடித்த தண்ணீர் இன்டர்கூலரில் இருந்த தூசியையும் உள்ளே தள்ளி அந்த இடுக்கில் சேர்த்திருக்கிறது. வாட்டர் சர்வீஸில் ஹைபிரஷர் துப்பாக்கியைக் கிட்டே வைத்து அடித்ததில் ஃபின்கள் வேறு படுத்திருந்தன.

அமெரிக்காவின் பெரிய டீசல் மோட்டார்ஹோம்களில் இன்ஜின் பின்னால் இருக்கும், பலவற்றில் ரேடியேட்டரும் பின்னாலேயே. அங்கேயும் இதே கதைதான். பின் சக்கரங்கள் கிளப்பும் தூசியும், இன்ஜினின் பிரீத்தர் குழாய் கக்கும் எண்ணெய் ஆவியும் சேர்ந்து அதே இடுக்கில்தான் போய் அடைக்கின்றன. அங்கே அந்தக் குழாயின் வாயை ரேடியேட்டருக்குக் கீழே வரை நீட்டி விடுகிறவர்கள் உண்டு. எங்கள் வண்டியிலும் பிரீத்தர் குழாய் ஃபேனுக்கு முன்னால் முடிந்தது. அதை நீட்டிக் கீழே இறக்கிவிட்டோம். சின்னச் செலவு. எல்லா வண்டியிலும் பார்க்க வேண்டிய இடம் இது.

அடுத்து சோதனை. இன்டர்கூலரின் இரண்டு வாயையும் பிளக் போட்டு அடைத்து, பிளக் தெறிக்காமல் சங்கிலியால் கட்டி, காற்று ஏற்றினார்கள். கட்டாமல் ஏற்றுவது உயிருக்கே ஆபத்து. இரண்டு பார் அழுத்தத்தில் அந்த பிளக் துப்பாக்கிக் குண்டு வேகத்தில் வரும். கம்மின்ஸ் இன்ஜின்களுக்குச் சொல்லப்படும் அளவு ஒன்று உண்டு: 30 பி.எஸ்.ஐ. ஏற்றிவிட்டு 15 வினாடி காத்திருந்தால் 7 பி.எஸ்.ஐ.க்கு மேல் இறங்கக் கூடாது. எங்களுடையது 30-இல் நிற்கவே இல்லை. சோப்புத் தண்ணீர் தெளித்ததும் பக்கத் தொட்டியும், குழாயும் ஃபின்னும் சேர்ந்த கோரும் சேரும் வெல்டிங்கில் நுரை பொங்கியது. அங்கேதான் பெரும்பாலும் விரிசல் விடும். ஒரு பக்கம் 160 டிகிரி, இன்னொரு பக்கம் 60 டிகிரி, ஏற்றத்தில் விரிந்து இறக்கத்தில் சுருங்கி வருஷக்கணக்கில் இழுபடுகிறது. தாங்கும் ரப்பர் புஷ் கல்லாகிப்போயிருந்தால் சேஸியின் முறுக்கமும் அந்த மூட்டுக்கே போகும். எங்கள் புஷ்களைக் கையில் நசுக்கினால் உதிர்ந்தன.

"ஆர்கான்ல அடைச்சிடலாமே" என்று பக்கத்துக் கடைக்காரர் சொன்னார். அடைக்கலாம்தான், நல்ல கை படைத்தவர்கள் இங்கே இருக்கிறார்கள். ஆனால் அதைக் கவிழ்த்து ஆட்டியபோது எண்ணெயோடு மினுமினுப்பாக அலுமினியத் துகள்கள் விழுந்தன. எங்கள் கைக்கு வருவதற்கு முன்பு இந்த வண்டிக்கு டர்போ மாற்றப்பட்டிருக்கிறது. பழைய டர்போவின் இறக்கை உடைந்த துணுக்குகள் இன்டர்கூலரின் குழாய்களுக்குள் தங்கிவிட்டன. அதை முழுக்கக் கழுவி எடுக்க வழியில்லை. குழாய்க்குள் காற்றைக் கலக்க நெளிநெளியாகத் தகடு வைத்திருப்பார்கள், துகள் அதில் சிக்கிக்கொள்ளும், என்றைக்காவது ஒரு ஏற்றத்தில் கழன்று சிலிண்டருக்குள் போகும். டர்போ உடைந்து மாற்றினால் இன்டர்கூலரையும் மாற்றிவிட வேண்டும். எங்களுக்கு விவாதம் அதோடு முடிந்தது. எண்ணெய் விஷயமும் இருக்கிறது. மெல்லிய பூச்சாக இருந்தால் பயமில்லை. தேங்கி நின்றால் டீசல் இன்ஜின் அந்த எண்ணெயையே குடித்துக்கொண்டு சாவியை அணைத்தாலும் நிற்காமல் ஓடும்.

ரேடியேட்டரைத் திறந்து பார்த்தபோது எனக்கு மனசு கஷ்டமாக இருந்தது. குழாய் வாய்களில் வெள்ளையாகச் சுண்ணாம்புப் படிவம். இது நம்ம மேற்கு சென்னை வண்டிகளின் பொது வியாதி. அம்பத்தூர், ஆவடி, பாடி என்று எந்தப் பக்கம் போர் தண்ணீரை எடுத்தாலும் பக்கெட்டில் உப்புப் படியும். லெவல் குறைகிற போதெல்லாம் டிரைவர்கள் பெட்ரோல் பங்கில் பிடித்து ஊற்றுவது அந்தத் தண்ணீரைத்தான். சூடேறியதும் கால்சியம் பிரிந்து குழாய்ச் சுவரில் உட்கார்ந்துகொள்கிறது. மெல்லிய படிவமே சூடு கடப்பதைத் தடுத்துவிடும்.

பித்தளை ரேடியேட்டர் காலமாக இருந்தால் வேறு வழி இருந்திருக்கும். கடைக்காரர் மேல் டேங்கைத் தீ காட்டிப் பிரித்து, ஒவ்வொரு குழாயிலும் தட்டைக் கம்பி விட்டுக் குத்திச் சுத்தம் செய்து, மறுபடி ஈயம் வைத்து மூடி, தண்ணீர்த் தொட்டியில் முக்கிக் காற்று விட்டு, குமிழி வரவில்லை என்று காட்டித்தான் காசு கேட்பார். அந்தக் கைவேலையைப் பார்க்கவே நான் சின்ன வயதில் கடை வாசலில் நின்றிருக்கிறேன். இப்போது வருவது அலுமினிய கோர். சூளையில் 600 டிகிரி அளவில் மொத்தமாக ஒட்டவைக்கிறார்கள். அலுமினியம் உருகுவதே 660-இல். ஒட்டும் உலோகம் உருகுவதற்கும் கோரே உருகுவதற்கும் உள்ள இடைவெளி அவ்வளவு சின்னது. தெருக்கடைத் தீயில் அந்த அளவைப் பிடிப்பது மிகக் கடினம். பிளாஸ்டிக் டேங்கின் காஸ்கட்டை மாற்றலாம், அதற்கு மேல் புது கோர்தான். பசை வைத்து அடைத்துத் தருகிறேன் என்று யாராவது சொன்னால், அது கடை வாசல் வரைக்கும் வந்து சேர்வதற்கான வைத்தியம் மட்டுமே.

புது ரேடியேட்டரும் இன்டர்கூலரும் ஜி.பி. ரோட்டிலிருந்து வந்தன. புதுப்பேட்டையில் பாதி விலைக்குப் பழையது கிடைக்கும், மற்ற பல பாகங்களுக்கு நானும் அங்கே போவேன். இந்த இரண்டுக்கும் போக மாட்டேன், ஏனென்றால் உள்ளே என்ன இருக்கிறது என்று வெளியே தெரியாது. வாங்கும்போது கோரின் தடிமனையும் ஃபின் நெருக்கத்தையும் பழையதோடு வைத்துப் பார்க்க வேண்டும். வெளி அளவு அச்சு அசலாகப் பொருந்தி, கோர் மட்டும் மெலிந்த சரக்குகள் சந்தையில் உண்டு. பொருத்துவது சுலபம், தொப்பூரில் மறுபடி முள் ஏறும்.

ஏற்றும்போது அண்ணன் அதிக நேரம் செலவிட்டது ஓரங்களில். இரண்டு கோருக்கும் நடுவே, ஃபிரேமைச் சுற்றி, ஸ்பாஞ்ச் பட்டை ஒட்டினார். பழைய வண்டிகளில் இந்தப் பட்டை இற்றுப்போயிருக்கும், யாரும் மறுபடி ஒட்டுவதில்லை. காற்றுக்குச் சுலபமான வழி கிடைத்தால் அது கோருக்குள் நுழையாது, ஓரமாகத் தப்பித்துவிடும். ஷ்ரவுடு விரிசலுக்கும் இதே நியாயம்தான். புது புஷ், புது ஹோஸ், இன்டர்கூலர் பைப்புக்கு டி-போல்ட் கிளாம்ப். சாதாரணப் புழு கிளாம்ப் அந்த அழுத்தத்துக்கும் சூட்டுக்கும் நாளடைவில் தளரும்.

தெர்மோஸ்டாட்டைப் பற்றி ஒரு சண்டையே நடந்தது. "மெட்ராஸ் வெயிலுக்கு வால்வு எதுக்கு, கழட்டி வீசுங்க" என்று வந்துபோகிற டிரைவர்கள் அத்தனை பேரும் சொன்னார்கள். தயவுசெய்து கழற்றாதீர்கள். இன்ஜின் சரியான சூட்டுக்கு வராமல் ஓடினால் டீசல் சரியாக எரியாது, லைனர் தேயும். பல இன்ஜின்களில் அந்த வால்வு திறக்கும்போதுதான் பைபாஸ் வழி மூடும். வால்வே இல்லை என்றால் சூட்டுத் தண்ணீரில் ஒரு பகுதி ரேடியேட்டரைப் பார்க்காமலே சுற்றிச் சுற்றி வரும், ஏற்றத்தில் சூடு கூடும். கொதிக்கும் தண்ணீரில் போட்டுத் திறக்கிறதா என்று பார்த்து, சந்தேகம் என்றால் புதிதாகப் போடுங்கள்.

அதைவிட அதிகம் புறக்கணிக்கப்படுவது ரேடியேட்டர் மூடி. அழுத்தம் கூடினால் கொதிநிலை கூடும். பாதிக்குப் பாதி கலந்த கூலண்ட் திறந்த பாத்திரத்தில் 107 டிகிரி பக்கம் கொதிக்கும். ஒரு பார் மூடியை இறுக்கிவிட்டால் கொதிப்பதற்கு முன் இன்னும் 20 டிகிரி இடம் கிடைக்கிறது. அந்த இடம்தான் மலையேற்றத்தில் நம்மைக் காப்பாற்றுவது. ஸ்பிரிங் தளர்ந்த மூடி போட்டால் எவ்வளவு நல்ல ரேடியேட்டரும் வழியும். இந்த மூடிக்கும் பாடிக்கும் ஒரு தொடர்பு இருக்கிறது, அதைச் சொல்லும்போது எனக்குப் பெருமையாக இருக்கும். 1990களின் தொடக்கத்தில் ஜெனரல் மோட்டார்ஸ் தன் ரேடியேட்டர் மூடித் தயாரிப்பை வெளியே கொடுத்தபோது, அந்த ஒப்பந்தத்தைப் பெற்றது பாடியில் பிறந்த சுந்தரம் ஃபாஸனர்ஸ். இங்கிலாந்தில் இருந்த இயந்திரங்களையே வாங்கிச் சென்னைக்குக் கொண்டுவந்து இங்கிருந்து அனுப்பினார்கள். சிறந்த சப்ளையர் விருதை அதே ஜெனரல் மோட்டார்ஸிடம் பலமுறை வாங்கினார்கள். அமெரிக்காவில் ஓடும் கார்களுக்கு மூடி செய்து கொடுத்த கம்பெனி பிறந்த ஊரில், வாஷர் இற்ற மூடிக்குத் துணி சுற்றி ஓட்டும் வண்டியைப் பார்த்தால் நான் சும்மா போவதில்லை. நிறுத்திச் சொல்லிவிடுவேன்.

கூலண்ட் பாதி, பேட்டரிக் கடையில் விற்கும் டி.எம். தண்ணீர், அதாவது உப்பு நீக்கிய தண்ணீர், பாதி என்று கலந்தோம். நம்மூரில் தண்ணீர் உறையாது, கூலண்ட் எதற்கு என்று கேட்பார்கள். உறைவதைத் தடுப்பது அதன் ஒரு வேலை மட்டுமே. துருவைத் தடுப்பது, கொதிநிலையைத் தூக்குவது, ஈர லைனர் இன்ஜின்களில் லைனரின் வெளிச்சுவர் குமிழி வெடித்துப் புள்ளி புள்ளியாக அரிபடாமல் காப்பது, இவையெல்லாம் நம் ஊருக்கும் வேண்டும். மெதுவாக ஊற்றி, மேல் பிளீட் ஸ்குரூவைத் திறந்துவைத்து, காற்று முழுக்க வெளியேறும்வரை ஐடிலிங்கில் விட்டோம். ஏர் லாக் நின்றால் முள் சரியாகக் காட்டாது, ஹெட் மட்டும் வேகும்.

வண்டி அதற்குப் பிறகு தொப்பூரில் ஏறிவிட்டது, முள் நடுவை விட்டு அசையவில்லை, புகையும் இல்லை. டீசலும் முன்பைவிடக் குறைவாகக் குடிக்கிறது.

இன்னும் ஒரு வேலை பாக்கி. கேரவன் கூடு கட்டுகிறவர்கள் முகப்பை அழகாக மூடி, கண்ணாடி இழைத் தகட்டில் கம்பெனி கொடுத்த காற்றுவழியில் பாதியை அடைத்துவிடுகிறார்கள். எங்கள் வண்டியிலும் அப்படித்தான். சேஸியோடு வந்த கிரில் எவ்வளவு அகலமோ அவ்வளவுக்காவது வெட்டித் திறந்து வலை அடிக்கச் சொல்லியிருக்கிறேன். புதிதாகக் கூடு கட்டக் கொடுக்கிறவர்கள் உள்ளே சோஃபா நிறத்தைத் தேர்ந்தெடுப்பதற்கு முன்னால் இந்த அளவை எழுதி வாங்கிக்கொள்ளுங்கள். புது கிளாம்ப்களை முதல் நீண்ட ஓட்டம் முடிந்து, ஆறிய பிறகு ஒருமுறை இறுக்கிவிடுங்கள். இரண்டு கோருக்கும் நடுவில் டார்ச் அடித்துப் பார்ப்பதை ஒவ்வொரு கோடைக்கும் முன்னால் வைத்துக்கொள்ளுங்கள், கழுவுவதாக இருந்தால் ஃபேன் பக்கத்திலிருந்து முன்னோக்கி, மெல்லிய அழுத்தத்தில்.